மணலுக்கு எதிராக ஒரு பக்கெட்

கடலோர ஊரில் பிறந்துவிட்டுக் கடல் மணலை ஜென்ம விரோதியாக நினைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எந்நேரமும் பக்கெட்டும் கையுமாகத் திரிந்ததால், எங்கள் விருந்தினர் விடுதியில் எல்லோரும் அவரைப் பக்கெட் என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

நான் வரவேற்பு மேசையில். அவர் அறைகளுக்கு மேற்பார்வை. சனி, ஞாயிறு வந்தால் பெங்களூர்க் கூட்டம் நோணாங்குப்பத்தில் படகேறிக் கடற்கரைக்குப் போய், அதில் பாதியைக் காலில் ஒட்டிக்கொண்டு திரும்பும். குளியலறைக் குழாய் அடைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை பக்கெட் தரையில் படுத்து, தண்ணீர் போகும் துளைக்குள் கையை விட்டபடி, தான் தொடங்கப்போகும் தொழிலைப் பற்றிப் பேசுவார்.

"அண்ணே, காடை வளக்கப் போறேன்."

"நீ கோழியப் பாத்தாலே ஓடுவியே."

"காடை சின்னதுதானே."

காடை போய்க் காளான் வந்தது. தவளக்குப்பத்தில் எடுத்த கொட்டகையில், காளானைத் தவிர மற்ற எல்லாம் முளைத்தன. அப்புறம் வண்ண மீன். அதைப் பக்கத்து வீட்டுப் பூனை முடித்துவைத்தது.

ஒரு நாள் பொறுமையிழந்து, பக்கெட்டும் குவளையுமாக விடுதி வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். "முசியே, கால நீட்டுங்க" என்று பிரெஞ்சு மரியாதை வேறு. விருந்தாளிகள் அதை இந்த ஊரின் பழைய வரவேற்பு முறை என்று நினைத்துவிட்டார்கள். கைகூப்பினார்கள். படம் எடுத்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கெட்டோ விரலிடுக்கில் மணல் தேடிக்கொண்டிருந்தார். பிறகு வந்தவர்கள், கால் கழுவிவிடுவீர்களா என்று கேட்டுத்தான் அறையே எடுத்தார்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் கயல் விடுமுறைக்கு வந்து இதைப் பார்த்ததுதான் வினை.

"மாமா, காடையப் பத்தி உங்களுக்கு என்னா தெரியும்? மணலப் பத்திக் கேட்டா மூச்சு விடாம பேசுறீங்க. எல்லா விடுதியிலும் இதே தொல்லைதானே?"

"ஆமாம்மா. எல்லா எடத்துலயும் என்ன மாதிரி ஒருத்தன் படுத்துக் கெடப்பான்."

இருவரும் லாஸ்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையைப் பிடித்தார்கள். விடுதி வாசலில் வைக்க ஒரு மேடை: மிதித்தால் தண்ணீர் காலைக் கழுவும், மணல் அடியில் தங்கிவிடும். முதல் மேடை மிதித்தவன் முகத்தைக் கழுவியது. மிதித்தவன் நான். அன்று நானும் சிரித்தேன்.

போன மாதம் கயல், இனி மேடைத் தொழில்தான் என்று சென்னை வேலையை விட்டுவிட்டு, பெட்டியோடு வந்து நின்றாள். அன்றிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோகிறது.

நேற்று கடற்கரையில் நடந்து நடந்து, பக்கெட்டைத் திட்ட வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"என் பொண்ணு வேலைய விட்டுட்டா."

"விடாதன்னு கெஞ்சினேண்ணே, கேக்கல. எனக்கும் தூக்கமில்ல. காடையா இருந்தா நானே வெரட்டி அனுப்பியிருப்பேன். இது மணலு. இது எனக்குத் தெரியும்."

அதற்குள் அவர் பார்வை என் காலுக்குப் போய்விட்டது.

"பீச்சுலேர்ந்தா வரீங்க? நீட்டுங்க."

புது மேடை பக்கத்திலேயே இருந்தது. அவர் பழைய பக்கெட்டைத்தான் எடுத்தார். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இன்னொரு காலையும் நீட்டினேன்.