சுத்தமான காற்றைக் கண்டு அலறிய கருவி

1. காலை 9.10: குளிர்பதனக் கிடங்கில் வாயு கசிகிறது என்று என் கருவி அலறியது.
2. 9.13: நாற்பது பேர் போட்டது போட்டபடி கார் நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றார்கள்.
3. 9.15: கார் நிறுத்துமிடத்திலும் வாயு கசிகிறது என்று கருவி அலறியது.
4. 9.20: சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த புல்வெளியிலும் அலறியது.
5. 9.31: என் பைக்குள் போட்டதும் அமைதியானது.
6. எங்கும் எதுவும் கசியவில்லை.

இது அன்று மதியம் நான் எழுதிக் கொடுத்த அறிக்கை. ஏழாவதாகக் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப இரண்டு மணி நேரம் ஆனது. சரஸ்வதி பூஜையை ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்குள் அடக்குவது சுலபமில்லை.

குளிரூட்டும் இயந்திரங்களில் ஓடும் வாயு கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும். அதை மோப்பம் பிடிக்கும் கையடக்கக் கருவி ஒன்றை ஆக்லாந்து நகரின் ஈஸ்ட் டாமாக்கி பகுதியில் நாங்கள் நான்கு பேர் செய்துகொண்டிருந்தோம். எனக்குத் தொண்ணூறு நாள் சோதனைக்காலம். அது முடிய மூன்று நாள் இருக்கும்போது முதல் வாடிக்கையாளரான ஒரு குளிர்பதனக் கிடங்கில் செயல்விளக்கம். “அவங்க வாங்கினா நீ இருக்கலாம். இல்லன்னா நானே இருப்பேனான்னு தெரியாது” என்ற பொருளில் முதலாளி மார்க் ஏதோ மென்மையாகச் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் சரஸ்வதி பூஜை. அதே நகரின் பிளாட் புஷ்ஷில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்துக் கலா அக்காவும் யோகண்ணாவும். அக்கா புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் தன் தையல் கத்தரிக்கோலை வைத்தார். நான் திருச்சிக்காரி, சும்மா இருப்பேனா? கருவியை எடுத்துப்போய் நடுவில் வைத்தேன். சந்தனம் தடவினேன். குங்குமப் பொட்டு வைக்க வாகாக வட்டமாக ஒரு இடம் இருந்தது. அழுத்தி வைத்தேன்.

அது பொத்தான்.

மூன்று விநாடி அழுத்தினால், ‘இனிமேல் நீ இருக்கும் காற்றுதான் சுத்தமான காற்று, கற்றுக்கொள்’ என்று பொருள். பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

“அக்கா, லைட்டு எரியுது. ஒரே ஒரு தடவை அணைச்சுடுறேனே?”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? பூசையில வைச்சதை விடியும்வரைக்கும் தொடக்கூடாது.”

“ஆமாக்கா, ஆனா அது காத்தைக் கத்துக்குது...”

“படிக்கட்டும். சரஸ்வதிக்கு முன்னால படிக்காமல் வேற எங்க படிக்கிறது?”

நான்கு வருடம் பொறியியல் படித்த நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். (வீட்டுக் காற்றும் காற்றுதானே என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.) ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அக்கா சாம்பிராணி போட்டார், கற்பூரம் காட்டினார், மறுபடி சாம்பிராணி போட்டார். கருவி விடியவிடியப் படித்தது. கற்பூர புத்தி.

காலையில் அக்கா என் பைக்குள் திருநீறும் ஒரு கைப்பிடிக் கற்பூரமும் திணித்தார். கருவியும் அதே பையில் ஏறியது. வழியெல்லாம் அதனிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. எவ்வளவு நிலையான கருவி என்று பெருமைப்பட்டேன்.

கிடங்கின் மேலாளர் டெப் என்ற உயரமான பெண்மணி. மார்க் பூமி, பேரப்பிள்ளைகள், பொறுப்பு என்று பேசி முடித்துவிட்டு என் பக்கம் கை காட்டினார். நான் கருவியைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன்.

மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் படித்துக்கொள்ளலாம்.

புல்வெளியில் நான் கருவியை நாலு திசைக்கும் நீட்டிக்கொண்டு நின்றேன். கடற்காற்று வீசியது. காற்று பலமாக வீசவீசக் கருவியும் பலமாக அலறியது. “அப்படியென்றால் ஆக்லாந்தே கசிகிறதா?” என்று டெப் கேட்டார். மார்க் என்னைப் பார்க்கவில்லை. மூன்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

கூட்டத்திலிருந்து மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் எங்கள் யோகண்ணா. வந்தவர் கருவியை மோந்து பார்த்தார்.

“பிள்ளை, இதென்ன, கோயில் மாதிரி மணக்குது? பாவம், வீட்டைத் தேடி அழுகுது போல. அந்தப் பைக்குள்ள ஒருக்கா விட்டுப் பார்.”

விட்டேன். அமைதி. எடுத்தேன். அலறல். விட்டேன். அமைதி. நாற்பது பேர் பார்க்க, குழந்தையைத் தொட்டிலில் போட்டு எடுப்பதுபோல நான்கு தடவை செய்தேன்.

அப்போதுதான் புரிந்தது. கற்ற காற்றிலிருந்து கூடினாலும் அலறு, குறைந்தாலும் அலறு என்று நிரல் எழுதியிருந்தேன். (நானேதான் எழுதினேன். அன்று அந்த வரிக்காக எனக்கு நானே கேக் வாங்கிக் கொடுத்தேன்.) கற்பூரம் இல்லாத காற்று அதற்கு ஆபத்து.

டெப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குங்குமம் உட்பட. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூன்றே நிமிடத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். இந்த வருட வெளியேற்றப் பயிற்சியை நாங்கள் இன்னும் நடத்தவில்லை. இதையே பயிற்சி என்று எழுதிக்கொள்ளலாமா?”

எழுதிக்கொண்டார். எங்களுக்கு ஒரு மாதம் அவகாசமும் கொடுத்தார், அடுத்த முறை பூஜை செய்யாமல் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

இப்போதும் வீட்டில் யாராவது ஜன்னலைத் திறந்தால் யோகண்ணா சோபாவிலிருந்து குதித்து எழுகிறார்: “ஐயோ, நல்ல காத்து வருது! எல்லாரும் வெளிய ஓடுங்கோ!” விருந்தாளிகள் புதிதாக வந்தால் கதையை முதலிலிருந்து சொல்கிறார். அவர் கதையில் நாற்பது பேர் நானூறு ஆகிவிட்டார்கள். கலா அக்காவைக் கேட்டால், “கருவியில பிழை இல்லை, எங்கட வீட்டுக் காத்துத்தான் சுத்தம்” என்கிறார்.

இன்றைய நிலவரம்: கிடங்கில் எங்கள் கருவிகள் ஆறு இருக்கின்றன. பொத்தானுக்குக் கடவுச்சொல் உண்டு. என் வேலை நிரந்தரம். சரஸ்வதி பூஜைக்குக் கால்குலேட்டர் மட்டும் வைக்கிறேன், பேட்டரியைக் கழற்றிவிட்டு.