மூன்று பாராட்டும் ஒரு ஊசியும்

அன்பு என்பது மனசுக்குள் தானாக ஊறுகிற ஏதோ ஒரு சமாச்சாரம் என்று உலகம் வெகுகாலமாகத் தப்புக்கணக்குப் போட்டுவந்தது. அப்படியில்லை, அதற்கு இருபத்தேழு விதிகள் உண்டு, மூன்று படிவங்கள் உண்டு, ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் உண்டு என்று கண்டுபிடித்து மனிதகுலத்துக்கு வழங்கிய பெருமை குத்தாலம் கடைத்தெருவைச் சேரும். உரக்கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே 'காவிரிக்கரை குவில்ட் சகோதரிகள் சங்கம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. கடையும் அதுதான், வகுப்பும் அதுதான், சங்கமும் அதுதான்.

குவில்ட் என்றால் என்ன என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துண்டுத் துணிகளைப் பூவாகவும் வாத்தாகவும் வெட்டி ஒட்டி, அடியில் பஞ்சு வைத்து, அதற்கும் அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் தைக்கிற கனத்த போர்வை. சித்திரை வெயிலில் குத்தாலத்துக்காரர்கள் இதைப் போர்த்திக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சங்கத்தில் யாரும் கேட்டதில்லை. விதி ஒன்பதின்படி அது 'எதிர்மறைச் சிந்தனை'.

சங்கத் தலைவி அனிட்டா மேடம். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து சாக்லேட்டும் தலைவலித் தைலமும் கொண்டுவருவார்கள். மேடம் ஒரு குவில்ட் கடையின் பண்பாட்டையே பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அங்கே கடைக்குள் கால் வைத்தால் சிரிக்கிறார்களாம், பேர் கேட்கிறார்களாம், கோணல்மாணலாகத் தைத்தாலும் 'அருமை' என்கிறார்களாம். நம் ஊர்த் தையல்காரரோ வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை வாங்க" என்கிறார். அந்த வெள்ளிக்கிழமை எந்த வருஷத்தது என்பது அவருக்கே தெரியாது. இந்த அநாகரிகத்துக்கு முடிவுகட்டத்தான் இருபத்தேழு விதிகள் பிறந்தன.

சும்மா சொல்லக்கூடாது, விதிகள் நன்றாகவே வேலை செய்தன. கடைக்கு வருகிற எவரையும் பதினோரு கேள்விகள் கேட்டுக் குடும்ப நலம் விசாரித்த பிறகே என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும் என்பது விதி நான்கு. அறுவடை நேரத்தில் வீரையன் என்ற விவசாயி சாக்கு தைக்கக் கோணி ஊசி கேட்டு ஓடிவந்தார். நெல் களத்தில் கிடக்கிறது, மேற்கே வானம் கறுத்துவிட்டது. அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, மூத்த மகளின் மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதுவரை விசாரித்தார்கள். பதினோராவது கேள்விக்கு வருவதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிட்டது. நெல் நனைந்ததே தவிர நட்புக்கு ஒரு சேதமும் இல்லை. கடைசியில், கோணி ஊசி தங்களிடம் இல்லை என்பதையும் மிகுந்த கனிவோடுதான் சொன்னார்கள்.

தேரழுந்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிற இரண்டு நாத்தனார்களும் உறுப்பினர்கள். வீட்டில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சங்கத்தில் விதி இரண்டின்படி வாரம் இருமுறை, ஐந்து எண்ணும்வரை, கட்டிக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு ஜன்னலோரம் பார்த்து பஸ் ஏறினார்கள்.

இந்தப் புண்ணிய பூமிக்குள்தான் அம்சம் வந்து சேர்ந்தாள்.

அம்சம் ஒன்பது வருடம் திருப்பூரில் இருந்தவள். வெளிநாட்டுக்குப் போகிற கைக்குழந்தைச் சட்டைகளைச் சோதித்து அனுப்புகிற வேலை. அங்கே யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஆனால் மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் அந்த வரிசையே நின்றுவிடும். உடைந்த துணுக்கையெல்லாம் தேடிப் பொறுக்கி, சேர்த்துப் பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் அடுத்த தையல். நுனி கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டுச் சட்டை முழுதும் கப்பலேறாமல் தனியே ஒதுக்கப்பட்டுவிடும். எந்த ஊரிலோ எந்தக் குழந்தையோ போட்டுக்கொள்ளப் போகிற சட்டை. அந்தப் பழக்கம் அம்சத்தின் கையில் ஊறிப்போயிருந்தது. தைத்து முடித்து எழுந்திருக்கும்முன் ஊசிகளை எண்ணிவிடுவாள்.

சங்கத்தின் முதலாண்டு விழாவுக்கு ஒரு குழந்தைக் குவில்ட் தைத்து அன்பளிப்பாகக் கொடுப்பது என்று முடிவானது. யாருக்கு என்று சீட்டுப் போட்டதில் அம்சத்தின் தங்கை சுடர்விழியின் மூன்று மாதக் குழந்தைக்கு விழுந்தது. அம்சத்துக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம், வளைகாப்பு, பிரசவம் எதற்கும் திருப்பூரிலிருந்து லீவு கிடைக்காதவள். பெரியம்மா என்று குழந்தைக்குச் செய்கிற முதல் காரியம் இது. அதிலும் பாதித் தையல் அவளுடையது.

ஆறு பேர், ஆறு ஊசி. விழாவுக்கு ஆறு நாள் முன்னால் கடைசித் தையல் முடிந்தது. அம்சம் எண்ணினாள். ஐந்துதான் இருந்தன. மேசைக்கு அடியில் பார்த்தாள், பாயை உதறினாள், மறுபடி எண்ணினாள்.

"ஒரு ஊசி கொறையுதுங்க" என்றாள். மேடம் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

எல்லாருடைய கண்ணும் ஒருமுறை குவில்டின் நடுவிலிருந்த மஞ்சள் வாத்தைப் பார்த்துவிட்டுக் கூரைக்குப் போயிற்று. வாத்தைத் தைத்தவர் அனிட்டா மேடம். மேடத்துக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்லை. கண்ணாடி இல்லாமலே நீங்கள் அழகு என்று விதி ஆறின்படி எல்லாரும் சொல்லிவந்ததால் அவர் கண்ணாடி போடுவதை விட்டு எட்டு மாதமாகிறது.

நட்புறவுப் பொறுப்பாளர் ஜாஸ்லின் அம்சத்தைக் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். சென்னையில் மனிதவளம் படித்த பெண். சிரித்துக்கொண்டே தூங்குவாள் என்று பேர்.

"அம்சம் சிஸ்டர், 'கொறையுது'ங்கிற வார்த்தைய நம்ம பயன்படுத்தறதில்ல."

"பின்ன என்னன்னு சொல்றது?"

"'இன்னும் வந்து சேரல'ன்னு சொல்லலாம்."

"ஊசி என்ன மயிலாடுதுறையில ரயில் மாறிக்கிட்டா இருக்கு? வாத்துக்குள்ள இருக்கும்மா. பஞ்சுக்குள்ள போயிருச்சு. நீயும்தான் பாத்த."

"பாத்தேன் சிஸ்டர். ஆனா விதி பதினாலு இருக்கே. ஒரு சகோதரியோட வேலையில ஏதாவது தெரிஞ்சா முதல்ல மூணு பாராட்டு. அப்புறம் ஒரு 'மென்மையான ஐயம்'. படிவம் மூணுல எழுதிக் குடுங்க. குழு கூடிப் பாக்கும்."

"குழுவுல யாரு?"

"நானும் தங்கம்மாள் சிஸ்டரும்."

"நீங்க ரெண்டு பேரும்தான் இங்கயே இருக்கீங்களே."

"இப்ப நாங்க கூடல சிஸ்டர்" என்றாள் ஜாஸ்லின், அப்பழுக்கில்லாத சிரிப்போடு.

அம்சம் படிவம் மூன்றை வாங்கி உட்கார்ந்து எழுதினாள். ஒன்று: வாத்தின் கண் நன்றாக இருக்கிறது. இரண்டு: வாத்தின் அலகும் நன்றாக இருக்கிறது. மூன்றாவதற்குப் பேனாவைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்துவிட்டு, 'மொத்தத்தில் வாத்து' என்று எழுதினாள். ஐயம் என்ற இடத்தில், 'அதன் வயிற்றில் ஊசி'.

மறுநாள் படிவம் திரும்பி வந்தது. செயலாளர் தங்கம்மாள் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருந்தார்: 'மூன்றாவது பாராட்டில் மனமுருகல் போதவில்லை. மீண்டும் எழுதுக.' கீழே ஸ்டாம்பு.

இதற்குள் குவில்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அம்சம் நேராக மேடத்தின் கணவர் ஜோசப்ராஜ் சாரிடம் போனாள். விவசாயத்துறையில் அதிகாரியாக இருந்தவர், இப்போது கடையில் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"சார், அலமாரியக் கொஞ்சம் தொறந்துவிடுங்க. ரெண்டே நிமிஷம். கையால தடவிப் பாத்து எடுத்துடறேன்."

"சாவி மேடம்கிட்ட இருக்கும்மா."

"அப்ப நீங்களாவது மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பச்சப்புள்ள முதுகு சார்."

ஜோசப்ராஜ் சார் பச்சை நூல்கண்டு ஒன்றை எடுத்து நீலத்தில் வைத்தார், மறுபடி பச்சையில் வைத்தார். "அம்மா, இந்த விதி பதினாலு உங்களுக்குப் போன வருஷம்தான் வந்துச்சு. எனக்கு எங்க வீட்ல முப்பத்தஞ்சு வருஷமா இருக்கு. டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

அம்சம் டீயை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கி, மேடத்துக்கே போன் போட்டாள். "மேடம், அந்த வாத்துல" என்று ஆரம்பித்ததுமே, "தேங்க்யூ சிஸ்டர், எல்லாரும் வாத்தப் பத்தித்தான் பேசறாங்க" என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டு மேடம் வைத்துவிட்டார். அடுத்து சுடர்விழிக்குப் போட்டாள்.

"விடுக்கா" என்றாள் சுடர்விழி. "அவங்க குடுக்கறத வாங்கிக்குவோம். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பிரிச்சுப் பாத்துக்கலாம். நாலு பேர் முன்னாடி வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அதுவும் சரிதான் என்று அம்சத்துக்குத் தோன்றியது. அன்றிரவு கொஞ்சம் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் விழா. எழுபது பேருக்குக் குறையாத கூட்டம். சுடர்விழி குழந்தையோடு உள்ளே வந்ததும் விதி இரண்டு அமலுக்கு வந்தது. வரிசையாக நின்று ஒவ்வொருவராக அவளைக் கட்டிக்கொண்டு ஐந்து எண்ணினார்கள். கை வசதிக்காகக் குழந்தையை ஜாஸ்லின் வாங்கிக்கொண்டாள். மேடையில் மேடம் மைக்கைப் பிடித்தார்.

"அன்புச் சகோதரிகளே, இப்ப நம்ம குட்டி தேவதைய இந்த குவில்ட்ல, அந்த வாத்து மேலயே, படுக்க வச்சு ஒரு போட்டோ எடுக்கப்போறோம்."

இது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. ஜாஸ்லின் குழந்தையோடு மேடைப்படி ஏறிக்கொண்டிருந்தாள். சுடர்விழியோ தேரழுந்தூர் மூத்த நாத்தனாரின் பிடியில் 'மூன்று' எண்ணிக்கையில் மாட்டியிருந்தாள். அம்சம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"அதுல ஊசி இருக்கு. புள்ளயப் போடாதீங்க."

மைக்கில் வாத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்த மேடத்தின் காதில் அது விழவில்லை; கூட்டம் மட்டும் கனிவோடு அவளைத் திரும்பிப் பார்த்தது. ஜாஸ்லின் நிற்கவில்லை. "சிஸ்டர், மொதல்ல பாராட்டு மூணு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அம்சம் ஒரே தாவலில் மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில்தான் அவளுக்கு இருபத்தேழு விதிகளும் வரிசையாக ஞாபகம் வந்தன. எதிலும் முதல் மரியாதை தலைவிக்கே என்பது விதி ஒன்று.

"எங்க தலைவி மேடத்துக்குத் தங்கமான மனசு. தலைவி மேடத்துக்குத் தங்கமான கை" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். "இந்த வாத்த மாதிரி மெத்துமெத்துனு ஒரு வாத்த நான் திருப்பூர்லயும் பாத்ததில்ல. அதனால மொதல்ல மேடம் இதுல உக்காந்து ஆசீர்வாதம் பண்ணணும். அப்புறம்தான் எங்க புள்ள."

கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடத்தில் எத்தனையோ பாராட்டு கேட்டவர், இவ்வளவு மனமுருகலோடு யாரும் சொன்னதில்லை. அம்சம் குவில்டை நாலாக மடித்து, வாத்து மேலே தெரியும்படி நாற்காலியில் போட்டாள். மேடம் பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி, முழு மனதோடும் முழு எடையோடும் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எழுந்ததைத்தான் பார்த்தார்கள். மேடம் போட்ட சத்தத்தில் சமையல்கட்டிலிருந்து வடை சுடுகிறவர் கரண்டியோடு ஓடிவந்தார்.

ஜாஸ்லின் குழந்தையோடு உறைந்து நின்றாள். விதி விதிதானே. "மேடம், உங்க குரல் கணீர்னு இருந்துச்சு" என்று தொடங்கினாள். "எந்திரிச்ச வேகம் ரொம்ப உற்சாகமா..." மூன்றாவது பாராட்டு வருவதற்குள் சுடர்விழி நாத்தனாரை உதறிவிட்டு வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அம்சம் வாத்தின் வயிற்றிலிருந்து ஊசியை உருவினாள். முழுசாக இருந்தது, நுனி உட்பட. அதை விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையில் குத்திக்கொண்டாள். இப்போது ஆறு.

மேடம் ஒரு கையால் மேசையையும், இன்னொரு கையால் சொல்லக்கூடாத இடத்தையும் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஊசி இருக்கறது யாருக்குமே தெரியலையா?"

"தெரியும்ங்க மேடம்" என்றார் தங்கம்மாள்.

"எங்களுக்கும் தெரியும்" என்றார்கள் நாத்தனார்கள் ஒரே குரலில். ஆறு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம். ஜோசப்ராஜ் சார் கடைசி வரிசையில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

தங்கம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாத்தப் பத்தி ரெண்டு பாராட்டு கெடச்சுதுங்க மேடம். மூணாவதத்தான் ஆறு நாளா தேடிக்கிட்டு இருந்தோம்."

அம்சத்துக்கு இப்போதுதான் கோபம் வந்தது. வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது. "அவங்க மனசு நோகக்கூடாதுன்னு பாத்தீங்க, சரி. இந்தப் புள்ள முதுகு நோகுமேன்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

தங்கம்மாள் பதறவில்லை. கைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் விதியிலிருந்து இருபத்தேழாவதுவரை விரலை வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஓர் ஆண்டில் சங்கம் அவருக்குக் கற்றுக்கொடுத்த அத்தனை கனிவையும் குரலில் வரவழைத்துச் சொன்னார்.

"இதெல்லாம் உறுப்பினர்களுக்குத்தாம்மா. உங்க புள்ள இன்னும் சங்கத்துல சேரலையே."