அட்டை பாய் வீட்டுப் பத்திரிகை

ஓசூர் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாலும், கல்யாண விருந்தைவிடக் கல்யாணப் பத்திரிகைமேல் ஆசை வைத்த ஒரே மனிதர் எங்கள் அட்டை பாய்தான். பத்திரிகை நீட்டினால் மாப்பிள்ளை யார் என்று கேட்கமாட்டார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, அட்டை எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று பார்ப்பார். "பாயிண்ட் த்ரீ. நல்ல சம்பந்தம்" என்பார்.

எங்கள் கம்பெனியில் அவர் பம்பு ஃபிட்டர். சின்ன ரோட்டரி பம்பின் மூடிக்கு அடியில் ஆயில் ஒழுகாமல் வைக்கும் கேஸ்கெட்டை அந்த அட்டைகளில்தான் வெட்டுவார். மெலிந்தால் உள்ளே சுற்றும் ரோட்டர் இறுகிவிடும், தடித்தால் ஆயில் ஏறாது. கடையில் விற்கும் கேஸ்கெட் தாளை அவர் நம்பியதே இல்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று எங்கள் பம்புகளுக்குள் நடக்காத கல்யாணமே கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை, லீவில் இருந்தவர் புதுச் சட்டையோடு வந்தார். மறுநாள் கிருஷ்ணகிரியில் மகளுக்கு நிக்காஹ். பதினைந்து நாள் முன்பே தந்த பத்திரிகை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நேரில் இன்னொரு தரம் கூப்பிடாமல் அவருக்கு மனசு ஆறவில்லை. அன்று பார்த்து கிரைண்டிங் மெஷின் பம்பில் ரோட்டர் ஷாஃப்டை விட்டுக் கழன்று லொடலொடத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை சரக்கு போக வேண்டும். அரை மணி நேரம் பாருங்கள் என்று நான்தான் கெஞ்சினேன்.

ரோட்டரையும் ஷாஃப்டையும் பிடித்து வைக்கும் சின்ன இரும்புத் துண்டு தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்றை அரத்தால் ராவி உட்கார வைப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டிலிருந்து போன்மேல் போன். கடைசியில் பார்த்தால், கைவசம் இருந்த அட்டை எல்லாம் மெலிசு.

அவர் பார்வை என் மேசைக்குப் போனது. "சார், அதை எடுங்க."

"பாய், அது உங்க பொண்ணு பத்திரிகை."

"தெரியும் சார். பாயிண்ட் த்ரீன்னு பாத்து நான்தான அடிக்கக் கொடுத்தேன்."

மேலே அச்சிட்டிருந்த இறைவன் பெயரை மட்டும் தனியாக வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மிச்சத்தில் கேஸ்கெட் வந்தது. பம்பு ஓடியது. கிளம்பும்போது, "நாளைக்கு வந்துருவீங்கல்ல சார்?" என்றார். வராமல் இருப்பேனா என்றேன்.

போகவில்லை. பம்பு நன்றாக ஓடியதால் முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் போட்டார். நானும் அதன் பக்கத்திலேயே நின்றேன். ஒரு மணி நேர பஸ்தான், போயிருக்கலாம். புதன்கிழமை வேலைக்கு வந்த பாய், எனக்கென்று எடுத்து வைத்த இனிப்புப் பொட்டலத்தைத் தந்தார். "ஒழுகல் இல்லையே சார்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு வேலையை விட்டு, மகளோடு கர்நாடகப் பக்கம் எங்கோ போய்விட்டார். பழைய நம்பரில் யாரும் எடுப்பதில்லை. போன மாதம்தான் அந்தப் பம்பை மறுபடி திறந்தோம். ஆயிலில் ஊறிய அட்டையில் 'தங்கள் வருகையை' என்பது மட்டும் அழியாமல் இருந்தது.

இப்போது என் மகளுக்குக் கல்யாணம். அச்சகத்தில் அட்டைகளை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, பாயிண்ட் த்ரீயைத்தான் எடுத்தேன். முதல் பத்திரிகையில் பாயின் பெயரை எழுதிவிட்டேன். விலாசம்தான் தெரியவில்லை.