போட, வைக்க, கொடுக்க

படுக்கையறைக் கதவு நான்கு விரற்கடை திறந்தது. அதற்குமேல் தன்னால் இயலாது என்பதுபோல் நின்றுவிட்டது. காற்புள்ளியார் தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளே ஏதோ சரிந்து விழும் ஓசை கேட்டது. இப்போது கதவு மூன்று விரற்கடை மட்டுமே திறந்திருந்தது.

"மாமா, உள்ள எப்படி இருக்கீங்க?" என்று இடுக்கு வழியே விசாரித்தார்.

"சௌக்கியம் மாப்பிள்ளை. ஒரு பெட்டி கதவுல சாஞ்சிருக்கு. இப்ப இன்னொண்ணு வந்து அதுக்குத் துணையா சாஞ்சிருக்கு."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமா."

"அவசரமே இல்ல. நான் எங்க போகப் போறேன்?"

மாமனார் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஆயினும் மருமகனுக்குச் சுருக்கென்றது. வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாமனாரின் முழங்கால்கள் மாடிப்படிகளோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அன்று முதல் தெருவை அவர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்து வருகிறார்.

இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு அமைந்திருந்தது. வாசலில் ஒரே ஒரு படி. அதுவும் சாதுவான படி. அந்த வீட்டுக்காரர் இன்று மாலை ஆறு மணி வரை காத்திருப்பதாக வாக்களித்திருந்தார். அதற்குள் இந்த வீட்டை வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

இதுவரை மூன்று குடும்பங்கள் வந்து பார்த்தன. மூன்றும் "பார்த்துச் சொல்றோம்" என்று விடைபெற்றன. பார்த்துச் சொல்கிறோம் என்பவர்கள் பிறகு பார்ப்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. வீட்டுத் தரகர்தான் உண்மையை உடைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். வந்தவங்களுக்குச் சாமான்தான் தெரியுது. வீடு எங்க இருக்குன்னு என்கிட்ட கேக்குறாங்க."

நான்காவது குடும்பம் இன்று நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. ஆகவே வீட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு காலையிலேயே காற்புள்ளியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவர் அவருடைய மனைவி.

காற்புள்ளி என்பது அவர் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்தில் சக ஊழியர்கள் அன்போடு சூட்டிய பெயர். எந்த வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்க அவருக்கு மனம் வராது. பொருள்களின் விஷயத்திலும் அவர் அவ்வாறே. மனைவியோ மருத்துவமனை மருந்தகத்தில் பணிபுரிபவர். எதையும் பிரித்து, சீட்டு ஒட்டி, அடுக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார். வேலைக்குப் புறப்படும்போது காலிப் பெட்டிகளில் மூன்று விதமான சீட்டுகளை ஒட்டிவிட்டுச் சென்றிருந்தார்: வைக்க, கொடுக்க, போட. சீட்டுகள் மாத்திரை உறையில் ஒட்டுகிற அளவுடையவை. "தூக்கிப் போட" என்று விரித்து எழுத அவற்றில் இடமில்லை.

மாமனார் கைத்தடியை நெம்புகோலாக்கி உள்ளிருந்து உதவியதால், பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. காற்புள்ளியாருக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி மனைவி நண்பகலில் வீடு திரும்பும் வரை நீடித்தது.

மனைவி பெட்டிகளைப் பார்வையிட்டார். "வைக்க" என்பதில் எட்டுப் பெட்டிகள் நிறைந்திருந்தன. "கொடுக்க" என்பதில் ஒன்றுமில்லை. "போட" என்பதில் மூடி இல்லாத ஒரு பேனா கிடந்தது.

"காலையில இருந்து இதுதான் போட்டீங்களா?"

"மூடி கிடைச்சா அதையும் எடுத்துடலாம்மா."

மனைவி ஒரு பெட்டியில் கைவிட்டு ஒன்றை எடுத்தார். "இது என்ன?"

"ஃபேன் ரெகுலேட்டர்."

"ஃபேன் எங்க?"

"அது போயிடுச்சு."

"அப்புறம் ரெகுலேட்டர் எதுக்கு?"

"ஃபேன் வந்தா?"

மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் எட்டுப் பெட்டிகளும் கவிழ்ந்து, கலைந்து, மீண்டும் ஒன்பதாக எழுந்தன: வைக்க நான்கு, கொடுக்க இரண்டு, போட மூன்று. கூடத்தின் தரை பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளிச்சம் கண்டது. தரையில் பூப்போட்ட ஓடுகள் பதித்திருந்த செய்தி காற்புள்ளியாருக்கு அன்றுதான் நினைவுக்கு வந்தது.

"மருந்தகத்துல சாவியைக் கொடுத்துட்டு வந்துடறேன். பழைய சாமான் எடுக்கிறவர் ரெண்டு மணிக்கு வருவார். கவனமாக் கேளுங்க. ‘போட’ன்னு இருக்கிறதை அவர்கிட்ட கொடுத்துடுங்க. ‘கொடுக்க’ன்னு இருக்கிறதைக் கொடுத்துடாதீங்க. அது தங்கச்சியோட பாத்திரம், அவகிட்ட திருப்பிக் கொடுக்கணும்."

"போடுறதைக் கொடுக்கணும். கொடுக்கிறதைக் கொடுக்கக் கூடாது."

"அவ்வளவுதான்."

இந்தக் கட்டளை மனைவி படியிறங்கும் வரை காற்புள்ளியாரின் மனத்தில் தெளிவாக இருந்தது. பிறகு அவர் சீட்டுகளைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காதில் விழுந்ததை நம்பாமல், தாளில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிச் சம்பளம் வாங்குபவர் அவர். இரண்டு மணிக்கு வண்டிக்காரர் வந்து, "சார், எதைக் கொடுக்கணும்?" என்று கேட்டபோது, "கொடுக்க" என்று அழகாக எழுதியிருந்த இரண்டு பெட்டிகளைச் சுட்டிக்காட்டினார்.

வண்டிக்காரர் அவற்றைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனமா இருக்கே சார். நிஜமாவே கொடுக்கிறீங்களா?"

"எழுதியே இருக்கே, பாருங்க."

வண்டிக்காரர் மறுபேச்சின்றி இறங்கிப் போனார். காற்புள்ளியார் நாற்காலியில் அமர்ந்து கால் நீட்டினார். கால் நீட்ட இடம் இருந்தது. அந்தச் சுகத்தில் கண்ணை மூடியவர், மனைவியின் குரல் கேட்டுத்தான் திறந்தார்.

"‘போட’ பெட்டி மூணும் இங்கயே இருக்கு. அப்ப எதைக் கொடுத்தீங்க?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் எழுவதற்குள் படுக்கையறையிலிருந்து மாமனார் கைத்தடியை ஊன்றி வந்து நின்றார். அவர் உடம்பில் பித்தளைப் பொத்தான்கள் வைத்த, முழங்கை நைந்த ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் சேவகராக நின்றவர் அவர். அது அந்நாளைய சீருடை.

"எப்படி இருக்கு பாப்பா? பெட்டியில ‘போட’ன்னு எழுதி வச்சிருந்தியே. வர்றவங்க முன்னாடி மரியாதையா இருக்கணும்னுதானே? எனக்கே தோணலை பாரு."

மகள் வாயைத் திறந்தார், தந்தையின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்குப்பா," என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஓடுங்க," என்றார்.

காற்புள்ளியார் ஓடினார். தெருமுனையில் வண்டியைப் பிடித்தும் விட்டார். ஆனால் அதற்குள் வண்டிக்காரர் இரண்டாம் மாடிக்காரரின் மூன்று பெட்டிகளையும் ஏற்றியிருந்தார். எல்லாம் ஒரே கடையிலிருந்து வாங்கிவந்த ஒரே மாதிரிப் பெட்டிகள். மனைவியின் சீட்டுகள் மட்டும் வழியில் உதிர்ந்திருந்தன.

"எது உங்களோடதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"கொஞ்சம் பிரிச்சுப் பார்த்தா..."

"நடுரோட்டுல பிரிச்சா பின்னாடி வர்றவன் என்னைப் பிரிச்சுடுவான். அஞ்சையும் எடுத்துட்டுப் போங்க. மேல போய் நிதானமாப் பாருங்க. வேண்டாததை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்."

"அப்படியே மேல இருக்கிற இன்னும் மூணு பெட்டியையும் இப்பவே..."

ஆனால் வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் வந்தவர் உண்மையிலேயே பொறுமை இல்லாதவர்.

ஐந்து பெட்டிகளை மூன்று மாடி ஏற்றி முடித்தபோது மணி மூன்றரை. தங்கையின் பாத்திரங்கள் பத்திரமாக இருந்தன. அதில் ஓர் ஆறுதல். அவற்றோடு யாரோ உடைத்த மேசை விளக்குகள் இரண்டும், சட்டை மாட்டும் கொக்கிகள் ஏறக்குறைய அறுபதும், சக்கரம் கழன்ற பயணப்பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்திருந்தன. ஒன்பது பெட்டிகள் பன்னிரண்டாகியிருந்தன.

"வீட்டைக் காலி பண்ணச் சொன்னேன்," என்றார் மனைவி. "நீங்க ரெண்டாம் மாடியையும் சேர்த்துக் குடியேத்திட்டீங்க."

"அதுலயும் அந்தப் பயணப்பெட்டிக்குச் சக்கரம் மட்டும் கிடைச்சா..."

"வாயை மூடிக்கிட்டு அலமாரியைத் திறங்க."

கூடத்தில் தரையிலிருந்து கூரை வரை எழும்பிய ஒரு சுவர் அலமாரி இருந்தது. ஏற்கெனவே அதன் பாதி நிறைந்திருந்தது. பெட்டிகள் அப்படியே நுழையவில்லை. ஆகவே பொருள்கள் தனித்தனியாக நுழைந்தன. காற்புள்ளியார் தள்ளினார், மனைவி அழுத்தினார், மாமனார் கைத்தடியால் இடுக்குகளைச் சுட்டிக்காட்டினார். பாத்திரத்துக்குள் ரெகுலேட்டரும், பயணப்பெட்டிக்குள் பாத்திரமும், அதன்மேல் போர்வைகளும், போர்வைகளின்மேல் மெய்ப்புத் தாள்களும் ஏறின. கடைசியில் காலிப் பெட்டிகளையும் தட்டையாக மடித்துச் செருகினார்கள். கதவைச் சாத்தினார்கள். கையை எடுத்ததும் திறந்தது. மீண்டும் சாத்தினார்கள், மீண்டும் திறந்தது. தாழ்ப்பாள் எப்போதோ போயிருந்தது. அதுவும் உள்ளேதான் எங்கோ இருந்தது.

வாசல் மணி அடித்தது.

மனைவி ஒரு கனத்த நாற்காலியை இழுத்துக் கதவில் சாய்த்துப் போட்டார். "அப்பா, இதுல உக்காருங்க. யார் வந்தாலும் எழுந்திரிக்கக் கூடாது."

"யார் வந்தாலுமா? அது எப்படி பாப்பா?"

"உங்க முழங்காலுக்காகச் சொல்றேன்பா."

மாமனார் பித்தளைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார். அலமாரி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

வந்தவர்கள் ஒரு தையற்காரரும் அவருடைய மனைவியும். தையற்காரரின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மாடிப்படி சிரமமாக இருந்திருக்குமே என்று காற்புள்ளியார் கவலையோடு விசாரித்தார்.

"சேச்சே. இப்ப இருக்கிறது நாலாவது மாடிங்க. இது ஒண்ணு கம்மி," என்றார் தையற்காரர்.

காற்புள்ளியாரின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மாமனார் பாதி எழ முயன்றார்; மகள் அவருடைய தோளில் அன்பாகக் கைவைத்து அமர்த்தினார். "அப்பாவுக்கு முழங்கால் வலி. அதான் எழுந்திரிக்கல."

தையற்காரர் நாடாவை விரித்தார். கூடத்துக்கு நீளம் எடுத்தார். சமையலறைக்கு அகலம் எடுத்தார். ஜன்னலுக்கு எடுக்கும்போது பழக்கத்தில் தோள்பட்டை என்று முணுமுணுத்தார். அவருடைய மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, உள்ளே பார்த்து, பெருமூச்சு விட்டு நகர்ந்தார். அந்தப் பெருமூச்சு காற்புள்ளியாருக்குப் பிடிபடவில்லை.

"வெளிச்சம் நல்லா இருக்கு. சுத்தமாவும் வச்சிருக்கீங்க," என்றார் தையற்காரர். நாடாவைச் சுற்றத் தொடங்கினார். "ஆனா எங்களுக்குக் கொஞ்சம் சின்னதாப் படுது. பார்த்துச் சொல்றோம்."

காற்புள்ளியார் மாமனாரைப் பார்த்தார். மாமனார் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை அளந்து பாருங்களேன்," என்றார் காற்புள்ளியார். தன் குரல் கெஞ்சுவதை அவரே கேட்டார்.

"துணியா இருந்தா இழுத்துத் தைக்கலாம் சார்."

மனைவி வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே சென்றார். அந்த நேரம் பார்த்துத் தையற்காரரின் மனைவி விடைபெறுவதற்காக மாமனார் எதிரில் வந்து நின்றார், கைகுவித்தார்.

முப்பத்துநான்கு ஆண்டுகள். பித்தளைப் பொத்தான்கள் வேறு. எதிரில் ஒருவர் கைகுவித்து நிற்க, அவர் உட்கார்ந்திருப்பதா? மாமனார் கைத்தடியை ஊன்றினார்.

"மாமா, வேண்டாம், உக்காருங்க," என்றார் காற்புள்ளியார்.

"வந்தவங்க நிக்கிறாங்க மாப்பிள்ளை."

"அவங்க தப்பா நினைக்க மாட்டாங்க மாமா."

"நான் நினைப்பேன்."

முதலில் முதுகு எழுந்தது. பிறகு இடுப்பு. முழங்கால்கள் சற்று யோசித்துவிட்டு இணங்கின. மாமனார் நிமிர்ந்து, இரண்டடி முன்னால் வந்து, வணக்கம் தெரிவித்தார்.

நாற்காலி தானாக நகர்ந்தது. பின் அலமாரி திறந்தது.

முதலில் கொக்கிகள் வந்தன, அறுபதும். அவற்றைத் தொடர்ந்து போர்வைகள், மெய்ப்புத் தாள்கள், மேசை விளக்குகள் இரண்டு, பயணப்பெட்டி, அதிலிருந்து பாத்திரங்கள், பாத்திரத்திலிருந்து ரெகுலேட்டர். பிறகு பல ஆண்டுகளாக யாரும் பார்த்திராத பொருள்கள் வரத் தொடங்கின. பூப்போட்ட ஓடுகள் மறைந்தன. தையற்காரர் ஒரு நாற்காலியின்மேல் ஏறிக்கொண்டார். கடைசியாக ஒரு பேனா மூடி உருண்டு வந்து, சுற்றி, நின்றது.

தண்ணீர்க் குவளையோடு வந்த மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். அதற்கு அப்பால் வர வழியில்லை.

"மன்னிக்கணும்," என்று தொடங்கினார் காற்புள்ளியார். "இது எல்லாமே எங்களோடது இல்ல, அதாவது, பெரும்பாலும் எங்களோடதுதான், ஆனா,"

தையற்காரரின் மனைவி அதைக் கேட்கவில்லை. புடவையைச் சற்றே உயர்த்திக்கொண்டு, குவியலைத் தாண்டி அலமாரியிடம் சென்றார். உள்ளே தலையை நுழைத்தார். கீழே பார்த்தார், மேலே பார்த்தார், கடைசித் தட்டு வரை கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பி, அன்றைக்கு முதல்முறையாகப் பேசினார்.

"இவ்வளவும் இந்த ஒரு அலமாரியிலயாங்க இருந்துச்சு? பேசாம இந்த வீட்டையே முடிச்சிடுங்க, துணி மூட்டையை எல்லாம் இதுல அடைச்சுட்டு, ஏழு வருஷத்துக்கு அப்புறம் நாமளும் கட்டில் மேல படுக்கலாம்."