ஒத்த விசில்

மதுரைக் கோச்சடை முத்திருளன் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சு மேல்கூட டயர் ஏற்றியதில்லை. ஆனால் ரிட்டையர் ஆன மறுவாரமே அவருக்கு ஓர் உண்மை விளங்கிவிட்டது. ஸ்டியரிங் கையில் இல்லாதவனை ஒரு ஈ காக்காகூட மதிப்பதில்லை. குழம்புக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்பதுகூட மனைவி சீனியம்மாள் சொல்லும் தீர்ப்புதான்.

மனுசர் சும்மா இருப்பாரா? பேக்கரிக்காரர் ஒருவர் கழித்துவிட்ட பழைய வேனை வாங்கினார். உள்ளே கட்டில் போட்டார். மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணி டிரம், முருகன் காலண்டர் எல்லாம் வந்தன. எம்புட்டுக் கழுவியும் பன் வாசம் மட்டும் போகவில்லை. தெருவே திரண்டு வந்து பார்த்தது.

"ராமநாதபுரம் போயி, அங்கிட்டிருந்து கடலோரமாவே கன்னியாகுமரி! லாட்ஜுமில்ல, சொந்தக்காரன் வீடுமில்ல. நிக்கிற எடமெல்லாம் நம்ம வீடு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் முத்திருளன்.

"கடலோரம்னா சாயல்குடி வருமே. எந்தம்பி வீடு ரோட்டு மேலதான இருக்கு" என்றாள் சீனியம்மாள்.

அவ்வளவுதான், மனுசருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மச்சினன் கருத்தக்கண்ணன் வீட்டில் காதுகுத்து. பந்தல் வாசலில் போய் நின்றவரை அவன் 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலுக்குத் தேங்காய் பத்தவில்லை என்று ஓடிக்கொண்டிருந்தானாம். தேங்காய் பெருசா, மச்சான் பெருசா? இனி அவன் வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று அன்றைக்கே சபதம் போட்டார். அதோடு அக்காளும் தம்பியும் முகம் பார்ப்பதும் நின்றுபோயிற்று. சீனியம்மாள் அழுது பார்த்தாள். பட்டினி கிடந்து பார்த்தாள். மனுசர் மசியவில்லை.

"சாயல்குடியில என் வண்டி நிக்காது. வீடு உன் ராஜ்ஜியம், ரோடு என் ராஜ்ஜியம். ஆமா!"

"சரிங்க."

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் கேட்டறியாத சொல் இது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

கிளம்புகிற அன்று வேறொரு சிக்கல் வந்தது. சாவியைத் திருகினார், கியரைப் போட்டார், வண்டி நகரவில்லை. வண்டியில் ஒரு கோளாறுமில்லை, கால்தான் கிளட்சை விடமாட்டேன் என்றது. ரெண்டு விசில் கேட்காமல் ஒருநாளும் பஸ்ஸை எடுத்த காலில்லையே அது! வழியனுப்ப வந்திருந்த சேக் இஸ்மாயில், அவரோடு பதினெட்டு வருஷம் ஓடிய கண்டக்டர், சிரித்துக்கொண்டே தன் பழைய விசிலை எடுத்தார்.

"இந்தா தங்கச்சி. ரெண்டு ஊதுனா போவாரு, ஒண்ணு ஊதுனா நிப்பாரு. கலெக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாரு, இதுக்குத்தான் கேப்பாரு."

"அப்பிடிச் சொல்லுங்க பாய்! அதான் டிரைவருங்கிறது" என்றார் முத்திருளன். பெருமை தாங்கவில்லை அவருக்கு. சீனியம்மாள் விசிலைத் தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

வழி நெடுக விசில்தான். ஒத்த விசில், நுங்கு. ஒத்த விசில், வெள்ளரிப்பிஞ்சு. ஏர்வாடி தாண்டியதும் கடல் தெரிந்தது. அதைப் பார்க்கவும் ஒத்த விசில்.

"ஊதி முடிக்குமுன்ன நிக்கிறேன் பாத்தியா? எவனுக்குடி வரும் இது?"

"உங்க காலு தங்கக்காலுங்க!"

சாயல்குடி எல்லை வந்ததும் மனுசர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். பன் வண்டி தடதடவென்று பறந்தது.

"உந்தம்பி வீடு வருது. பாத்து ஏங்காத, கண்ண மூடிக்க" என்று கெக்கலித்தார்.

ப்ரீ!

டயர் கிறீச்சிட்டது. கட்டிலுக்கடியிலிருந்த இட்லிச்சட்டி உருண்டு வந்து அவர் சீட்டில் முட்டியது. முத்திருளன் குனிந்து பார்த்தார். தங்கக்கால் பிரேக் மேல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். கருத்தக்கண்ணன் வீட்டு வாசற்படி.

"அடியே! என்ன வேலை பாத்த?"

"நான் எங்கங்க நிப்பாட்டுனேன்? உங்க காலுல்ல நிப்பாட்டுச்சு."

"ரைட் குடுடி!"

"பாசெஞ்சர் எறங்க வேணாமா?"

இறங்கிவிட்டாள், விசிலோடு. வாசலில் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, "எளைச்சுக் கெடக்கியேடா" என்று ஓவென்று அழுதாள். அதைப் பார்த்த முத்திருளனுக்கு, ஒன்பது வருஷம் இதையா தடுத்து வைத்திருந்தோம் என்று முதல்முறையாக வெட்கமாக இருந்தது. ஆனாலும் சபதம் என்று ஒன்று இருக்கிறதே! வண்டியை எடுக்கப் பார்த்தார். கால் வரவில்லை. உதட்டைக் குவித்துத் தானே ஊதிப் பார்த்தார். காத்துத்தான் வந்தது.

கருத்தக்கண்ணன் ஜன்னலுக்கு வந்து கைகூப்பினான். "வாங்க மச்சான். வாங்க. வாங்க. வாங்க..." விரல் விட்டு எண்ணி ஒன்பது 'வாங்க' சொன்னான். "வருசத்துக்கு ஒண்ணு, மச்சான். அக்கா எழுதுன கார்டு போன வாரமே வந்திருச்சு. நண்டுக் குழம்பு ஆறுது."

ஒன்பது 'வாங்க'வுக்கு மேல் எந்த மச்சானால் உட்கார்ந்திருக்க முடியும்? முத்திருளன் மீசையைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

"பாத்துக்க மாப்ள. படிக்கு நேரா, ஒரு சாண் அங்கிட்டு இங்கிட்டு இல்லாம நிப்பாட்டிருக்கேன். எவனுக்கு வரும்?"

"யாருக்கும் வராது மச்சான்."

சாப்பிட்டுக் கையலம்புகையில் சீனியம்மாளிடம் மெல்லக் கேட்டார். "எப்பக் கிளம்பலாம்?"

"என்னைய எதுக்குக் கேக்குறீங்க? ரோடு உங்க ராஜ்ஜியமாச்சே!" என்ற சீனியம்மாள், ஆறாம் நாள் காலையில் ரெண்டு விசில் கொடுத்தாள், மதுரைக்கு.