'சுமார்' என்பதற்குக் கட்டம் இல்லை

அரசாங்கப் படிவம் பதினான்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருளின் பெயர், எண்ணிக்கை, சென்ற ஆண்டின் எண்ணிக்கை என்று மூன்றே கட்டங்கள். கஜகஸ்தானின் குதிரைகளும் கோதுமை மூட்டைகளும் பல வருஷமாக அதற்குள் அடங்கி ஒடுங்கித்தான் இருந்துவந்தன.

ரௌஷனின் கிரகங்கள்தான் அடங்கவில்லை.

ரௌஷன் அல்மாத்தி நகரத்துக்கு மேலே மலையிலுள்ள வானாய்வு நிலையத்தில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள். தூரத்து ஒளி வளைந்து வருகிற விதத்தை வைத்து, வேறு விண்மீன் மண்டலங்களில் எத்தனை கிரகங்கள் இருக்கும் என்று கணிப்பாள். தொலைநோக்கியின் கண்ணாடி மங்கிப்போய் ஆறு வருஷமாகிறது. இந்த முறையும் புதுப் பூச்சு கிடைக்காவிட்டால் ஆய்வையே நிறுத்த வேண்டியதுதான். பூச்சுக்கு அனுமதி வேண்டுமென்றால் படிவம் பதினான்கு வேண்டும்.

நகரத்துப் புள்ளிவிவர அலுவலகத்தில் அதிகாரி தோலேகன் அதை வாங்கிப் படித்தார். தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"என்னம்மா இது, 'சுமார் ஒரு லட்சம் கோடி'?"

"கணிப்புதானே ஐயா. பத்து மடங்கு கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்."

"ஆட்டுப்பண்ணைக்காரன் இப்படி எழுதிக் குடுத்தா சும்மா விடுவேனா?"

"ஆட்டை எண்ணலாம். நான் பாக்கற மண்டலத்துலேருந்து வெளிச்சம் வந்து சேரவே முன்னூறு கோடி வருஷம் ஆகுது."

"அப்ப நீங்க காட்டறது முன்னூறு கோடி வருஷத்துக்கு முந்தின கணக்கு. நான் கேக்கறது நடப்பு ஆண்டு."

ரௌஷனுக்கே அந்த ஆட்சேபம் நியாயமாகப் பட்டது.

"சரி, போன வருஷம் எத்தனை?"

"அதேதான்."

"வளர்ச்சியே இல்லையா? மேலிடத்துல என்ன நினைப்பாங்க? எட்டு சதவீதம் கூட்டிப் போடுங்க. கடைசியில பூஜ்யம் மட்டும் வேணாம். உக்காந்த இடத்துல எழுதினதுன்னு தெரிஞ்சுடும்."

ரௌஷன் மங்கிய கண்ணாடியை நினைத்துக்கொண்டாள். ஒரு லட்சத்து எட்டாயிரம் கோடியே நாற்பத்து மூன்று என்று எழுதினாள். நாற்பத்து மூன்று, அவள் ஏறி வந்த பேருந்தின் எண்.

"பாத்தீங்களா, எண்ணினா வருது" என்று தோலேகன் முத்திரை குத்தினார்.

ஒரே மாதத்தில் பூச்சு வந்தது. எண்ணிக்கையும் அறிக்கையாகி, செய்தியாகி, பாடப்புத்தகத்துக்குப் போனது.

மறு வருஷம் சமர்கந்தில் மாநாடு. உஸ்பெக் ஆய்வாளர் ஷோமுராத் மேடையேறி, தங்கள் குழு தனியாகச் செய்த ஆய்வும் அதே எண்ணைத்தான் தந்தது என்றார், நாற்பத்து மூன்று உட்பட.

தேநீர் இடைவேளையில் ரௌஷன் அவரை ஓரங்கட்டி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"மெதுவாப் பேசுங்க அக்கா" என்றார் ஷோமுராத். "எங்க ஊர்லயும் அந்தப் படிவம்தான். நீங்களாவது எண்ணியிருப்பீங்கன்னு நம்பி எடுத்துப் போட்டோம்."

"மத்த நாட்டுக்காரங்களுக்கும் இதே எண்தானே வந்திருக்கு?"

"நம்ம ரெண்டு பேரையும் பாத்துப் போட்டிருக்காங்க."

பிற்பகலில், அந்த எண்ணையே உலகப் பொது அளவாக ஏற்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். ரௌஷன் அடுத்த வருஷம் புதுக் கேமரா கேட்க வேண்டியிருந்தது.

முதலில் உயர்ந்தது அவள் கைதான்.