மஞ்சள் பொட்டலம் வைத்த பெட்டி

லுவோ கைமின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் முனகலோடு, ஆனாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிற்பாடு அவர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன சத்தம் இது? கிழவன் மாடி ஏறுற மாதிரி மூச்சு வாங்குது?" என்றார்.

"பழைய பொட்டி சார். அது சுபாவமே அப்படித்தான். விட்டுடுங்க," என்றாள் பெய்லிங். கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பு.

"விட்டுடறதா? ஹாலந்து ஆர்டர் இதுலதானே இருக்கு?"

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'ஹாலந்து ஆர்டர். யாரும் தொடக் கூடாது.' லுவோ கைமினின் அகராதியில் 'யாரும்' என்ற சொல்லுக்குள் அவர் வரமாட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவியதே அந்தத் தாளைப் படித்த பிறகுதான்.

தாய்ச்சுங் நகரத்து ஓரத்தில் சைக்கிள் பிரேக் செய்யும் அந்தக் கம்பெனியில் அவர் துணை மேனேஜர். யாருக்குத் துணை, எதற்கு மேனேஜர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. முதலாளி வெய் அவருடைய அக்காள் கணவர் என்பது மட்டும் வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். கல்லூரிக் காலத்தில் அவர் தாய்பேய் சந்தையில் உதிரிபாகம் வாங்கித் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் கூட்டினார். அது ஒரு வருஷம் ஓடியது. அந்தப் பெருமை முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெருமைக்குக் கம்பெனி நிறையப் பலி கொடுத்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனி ஆர்டர் இருந்த கம்ப்யூட்டரை 'வேகப்படுத்தினார்'. ஆர்டர் அதே வேகத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. அன்று முதலாளி வெய் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு ஆர்டர் உன்னால போச்சுன்னா, நீ ரோட்டோரத்துல பாக்குக் கடை போட்டுக்க. உங்க அக்கா வந்து அழுதாலும் அவளுக்கும் சேர்த்து ஒரு ஸ்டூல் போட்டுடுவேன்," என்று சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், இதே மேஜையில் இருந்த வேறொரு கம்ப்யூட்டரும் அவர் கையில் உயிரை விட்டது. ஆச்சரியம், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் முக்கியமான எதுவும் இல்லையாம். தன் கைத்திறனை ஊர் ஒருவழியாகப் புரிந்துகொண்டுவிட்டது என்று அவர் முடிவுகட்டினார்.

"இதென்ன கன்றாவி?" பெட்டியின் தலையில் உட்கார்ந்திருந்த சோளப்பொரிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஊரில் பொரிப் பொட்டலம் இல்லாத கம்ப்யூட்டர் கிடையாது. வங்கியாகட்டும், ஆஸ்பத்திரியாகட்டும், மிஷின் சமர்த்தாக ஓட அதன் தலையில் ஒரு பொட்டலம் இருந்தே தீர வேண்டும். பச்சை உறைதான் வைக்க வேண்டும், பச்சை விளக்கு மாதிரி. கெடு தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னவும் கூடாது. மஞ்சளை வைத்தால் மிஷின் மக்கர் பண்ணும்.

"படிச்சவங்கதானே நீங்க எல்லாம்? பொரி வெச்சா மிஷின் ஓடுமா? அதுவும் மஞ்சள்! பச்சை வைக்கணும்னு பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூடநம்பிக்கையைக்கூட உங்களுக்கு ஒழுங்காச் செய்யத் துப்பில்ல!"

பெய்லிங் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பச்சை தேவைப்படற இடத்துல வெச்சாச்சு சார்."

"வேற காப்பி எங்கேயாவது எடுத்து வெச்சிருக்கியா?"

"அதான் நீங்க இருக்கீங்களே சார்," என்றாள் அவள். தன் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குக் கிளம்பினாள். "சாயங்காலத்துக்குள்ள வரைபடம், விலை எல்லாம் ஹாலந்துக்கு அனுப்பணும். நீங்க அவசரப்படாம, நிதானமாப் பாருங்க."

அவர் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார்.

முதலில் ரேம். அழுக்கேறிய அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தால் எப்பேர்ப்பட்ட மிஷினும் எழுந்து நிற்கும் என்பது அவர் சித்தாந்தம். ரேமை எட்ட இடமில்லாததால் குறுக்கே கிடந்த கம்பிகளையெல்லாம் பிடுங்கி ஒதுக்கினார். பரபரவென்று தேய்த்தார். மசாலாச் சுவைப் பொரித்தூள் ஒட்டிய விரலாலேயே திரும்பச் செருகினார். பிடுங்கிய கம்பிகளில் கண்ணில் பட்டவற்றை மாட்டினார். பொத்தானை அழுத்தினார்.

'கீ, கீ, கீ' என்று கத்தியது பெட்டி. திரை கறுப்பு.

"பசிக்குது போல சார்," என்றான் விற்பனைப் பிரிவு சுன்ஹாவ், ஒரு கட்டு வரைபடங்களோடு மாடிப்படி ஏறியபடி. "அதோட பொரியை நீங்க தின்னுட்டீங்கள்ல."

"போடா, வேலையைப் பாரு!"

ரேம் இருந்த பள்ளத்தில் வாயை வைத்து ஊதினார். வாயிலும் பொரி இருந்தது. உள்ளே போனது காற்று மட்டுமல்ல. பிறகு அழிரப்பர் தூள், பொரித்தூள், எச்சில் மூன்றையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, ரேமை அடுத்த பள்ளத்துக்கு மாற்றினார். இந்த முறை திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அவர் குதூகலித்துவிட்டுத்தான் படித்தார்.

'பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை.'

டிஸ்க் இல்லையா? காலையில் இருந்ததே!

அமைப்புகள் குழம்பியிருக்கும் என்று தீர்மானித்து, மதர்போர்டிலிருந்த பொத்தான் பேட்டரியை நெம்பினார். அது துள்ளிக் குதித்து, இரும்பு அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நகர்த்திப் பார்த்ததில் அலமாரி மேலிருந்த தேநீர்க் குடுவைதான் விழுந்தது. பேட்டரி இல்லாமலேயே பெட்டியைப் போட்டார். அது தன்னைப் பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியில் இருப்பதாக நினைத்துக்கொண்டது. அப்போதும் அதற்கு டிஸ்க் இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி வெய் வந்தார். லுவோ கைமின் எழுந்து தன் உடம்பால் பெட்டியை மறைத்துக்கொண்டார். குடல் வெளியே சரிந்த பெட்டியை மறைக்க அந்த உடம்பு போதுமானதுதான், ஆனால் தரையெல்லாம் திருகாணி.

"என்ன, ரிப்பேரா?" என்றார் முதலாளி.

"சின்ன... சின்ன விஷயம் அத்தான். இதோ முடிஞ்சுடும்."

"பாரு, பாரு. நல்லாப் பாரு. இன்னிக்கு முழுக்க இங்கேயே உட்கார்ந்து பாரு." சிரித்துக்கொண்டே மைத்துனனின் தோளைத் தட்டிவிட்டு, விசிலடித்தபடி லிஃப்டில் ஏறிப் போனார்.

லுவோ கைமினுக்கு உடம்பு வேர்த்துவிட்டது. வெய் கத்தினால் தாங்கிக்கொள்ளலாம். வெய் சிரித்து அவர் கடைசியாகப் பார்த்தது, சரக்கு மேலாளரை வேலையைவிட்டு அனுப்பிய அன்றுதான்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்தார். அதில் இருந்த ஒற்றைக் கம்பியை மீண்டும் மாட்டி, பெட்டியைப் போட்டு, டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டார். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. உள்ளே சுழலவே இல்லை.

"ஒட்டிக்கிச்சு," என்று தனக்குத்தானே சொன்னார். "உள்ள இருக்கிற முள்ளு தட்டுல ஒட்டிக்கிச்சு. இதுக்கு வைத்தியம் எனக்குத் தெரியும்."

கல்லூரிக் காலத்து வைத்தியம். டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அலுவலகச் சமையலறையின் உறைபெட்டியில், யாரோ வைத்திருந்த முட்டைக்கோஸ் கொழுக்கட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்தார். குளிரில் இரும்பு சுருங்கும், முள் விடுபடும், டிஸ்க் எழுந்து உட்காரும். பையில் ஓட்டை இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்துப் பழக்கமுமில்லை.

வெளியே எடுத்தபோது டிஸ்க் மேல் பனி பூத்திருந்தது, ஓரத்தில் கொழுக்கட்டை மாவும் ஒட்டியிருந்தது. துடைத்தார், பனி தண்ணீரானது. கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தியின் தலைமுடி உலர்த்தியைத் தேடிப் பிடித்துவந்து சூடாக ஊதினார். அதே நேரம் சமையலறையில் யாரோ வெந்நீர் போட, பட்டென்று தரைத்தளம் முழுக்க மின்சாரம் போனது.

"பெய்லிங்! பெய்லிங்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"பயப்படாதீங்க சார்," அவள் குரல் மேலிருந்து வந்தது. "எங்களுக்கு வேற லைன். இங்க எல்லாம் ஓடுது!"

'இங்க எல்லாம் ஓடினா எனக்கென்ன? உயிர் போறது இங்கதானே!' என்று அவர் மனதுக்குள் திட்டினார். என்ன ஜென்மங்கள் இவர்கள்! கம்பெனியின் தலையெழுத்து ஒரு ஈரமான டிஸ்க்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒருத்தன் வந்து எட்டிப்பார்க்கவில்லை. மேலே சிரிப்புச் சத்தம் வேறு. பொறுப்பு என்பதே இல்லாத கூட்டம்.

காவலாளி வந்து மின்சாரத்தைச் சரிசெய்துவிட்டுப் போனான். லுவோ கைமின் டிஸ்க்கை அதே கம்பியில் மாட்டி, மறுபடி பெட்டியைப் போட்டார்.

'பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை.'

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பயம், வெறும் பயம். ஐம்பத்து நான்கு வயது. மகன் கல்லூரியில் படிக்கிறான். இந்த வயதில் 'ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும்' என்றால் யார் வேலை கொடுப்பார்கள்? இந்த ஊர்ப் பாக்குக் கடையில்கூட அழகான பெண்களைத்தான் உட்காரவைக்கிறார்கள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாகத் தெருமுனைக் கடைக்கு ஓடினார். சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார். மூன்று பொரிப் பொட்டலங்கள், மூன்றும் பச்சை. கெடு தேதியை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவைத்துச் சரிபார்த்தார். பெட்டியின் தலையில் வரிசையாக நிற்கவைத்தார். பிறகு, முப்பது வருஷமாக ஊரையே கிண்டலடித்த அந்த மனிதர், இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு தரையில் மண்டியிட்டார்.

"தெரியாம மஞ்சளைத் தின்னுட்டேன். மன்னிச்சுடு. இனிமே உன்னைத் தொடமாட்டேன். எவனையும் தொட விடமாட்டேன். ஹாலந்து ஆர்டரை மட்டும் குடுத்துடு, ராஜா."

கும்பிடக் குனிந்தபோதுதான், பெட்டிக்குள் பட்டையாக ஒரு கம்பி அநாதையாகத் தொங்குவது கண்ணில் பட்டது. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பி. ரேமை எட்டுவதற்காகக் காலையில் முதன்முதலில் பிடுங்கிப் போட்டாரே, அது. அதற்குப் பிறகு அவர் அதை மாட்டவே இல்லை.

மாட்டினார். பொத்தானை அழுத்தினார். டிஸ்க் தும்மியது, முனகியது, காலையில் போட்ட அதே கிழட்டு மூச்சோடு சுற்ற ஆரம்பித்தது. திரை மெல்ல வெளுத்தது. எழுத்துகள் ஓடின. பிறகு திரை முழுக்க ஒரு படம் விரிந்தது: வெள்ளைச் சோறு, அதன் மேல் வறுத்த பன்றித் தொடைக்கறி, பக்கத்தில் பாதியாக நறுக்கிய சோயா முட்டை.

ஹாலந்து ஆர்டர் இருக்கிற கம்ப்யூட்டரில் வைக்க இந்தப் பெய்லிங்குக்கு வேறு படம் கிடைக்கவில்லையா என்று ஒரு கணம் தோன்றியது. சாப்பாட்டு ராமி. ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்த இடத்திலேயே அந்தப் பன்றிக்கறியைக் கும்பிட்டார். பிழைத்தோம். கம்பெனி பிழைத்தது, தன்னால் பிழைத்தது. இதை அத்தானிடம் எந்த வார்த்தையில் ஆரம்பித்துச் சொல்லலாம் என்று யோசித்தபடி கதவைத் திறந்தார்.

எதிரே லிஃப்டுக்காக யூலான் அக்கா நின்றிருந்தார். தெருக்கோடியில் சாப்பாட்டு டப்பாக் கடை வைத்திருப்பவர். அவர் வண்டியில் சூடான டப்பாக்கள் அடுக்கடுக்காக ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"என்ன அழகா, மூஞ்சியெல்லாம் மாவு?" எல்லா ஆண்களையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"இவ்வளவு டப்பா யாருக்கு?"

"மூணாவது மாடிக்குத்தான். ஹாலந்து ஆர்டர் மத்தியானமே போய்ச் சேர்ந்துடுச்சாமே! உங்க முதலாளி எல்லாருக்கும் விருந்து வைக்கிறார்."

"மத்தியானமேயா? அது எப்படி? ஆர்டர் இதுக்குள்ளதானே இருக்கு!" லுவோ கைமின் பின்னால் கையைக் காட்டினார்.

யூலான் அக்கா வண்டியை விட்டுவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். திரையிலிருந்த பன்றிக்கறியைப் பார்த்தார், மேலே நின்ற மூன்று பச்சைப் பொட்டலங்களைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துபோனது.

"அட, எங்க கடைக் கல்லாவுல பில் போட்ட பழைய பொட்டி! 'எங்க துணை மேனேஜர் நாள் முழுக்க நோண்டிக்கிட்டு இருக்க இன்னொண்ணு வேணும்க்கா'ன்னு பெய்லிங் கேட்டு வாங்கிட்டு வந்தாளே, அதுதானே இது? பரவாயில்லையே, மழைக்காலத்துல நான் குடுத்தது மதியச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கலையாமே!"